மேஸ்திரியும் முன்பணமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன பெரியோர்கள், கட்டிய வீட்டைப் பழுது பார்க்கும் கஷ்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கவலை அதிகம் இருந்திராது. ஊருக்கு ஒரு கொத்தனார் இருந்தார். தகப்பனார் பூசிய சுவரை மகன் வந்து செப்பனிட்டான். வேலை கெட்டால் மறுநாளே குளத்தங்கரையில் பத்துப் பேர் கேட்பார்கள் என்ற பயம் அவனுக்கு உண்டு. இன்று பட்டணத்துக் குடும்பஸ்தருக்கு அந்தக் காவல் இல்லை. வேலைக்கு வருகிறவரின் ஊர் தெரியாது. பெயரும் பாதிதான் தெரியும்.

இந்த நிலைமையில் மோசக்காரனுக்கு உகந்த காலம் ஐப்பசியும் கார்த்திகையும். கூடத்தில் மழைத் தண்ணீர் சொட்டும்போது வீட்டாரின் புத்தி நிதானமிழக்கிறது. "பக்கத்துத் தெருவில் வேலை முடிந்தது; சரக்கு மிச்சமிருக்கிறது; பாதிப் பணம் இன்றே கொடுத்தால் மலிவாக முடித்துவிடலாம்" என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவர் தெய்வமே அனுப்பிய ஆள் போலத் தோன்றுகிறார். அவசரப்படுத்துகிறவரிடம் அவசரப்படாதிருப்பதே முதல் ஜாக்கிரதை என்பது நமது அபிப்பிராயம். ஒழுகும் இடத்தில் ஓர் அண்டாவை வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுப்பதால் வீடு இடிந்துவிடாது. மேல்தளத்துக் காரை பெயர்ந்து விழுந்தாலும், உள்ளே கம்பி துருவேறித் தெரிந்தாலும் விஷயம் வேறு. அப்போது முதலில் ஓர் என்ஜினீயரை அழைத்துக் காட்ட வேண்டும்.

விலை பேசுவதற்கு முன்னால் காரணம் தெரிய வேண்டும். ஒழுக்கு என்றால் மாடி முழுவதும் ரசாயனப் பூச்சு பூச வேண்டும் என்று சொல்கிறவர் பலர். மழைநீர்க் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கலாம். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் வெடித்திருக்கலாம். தட்டோட்டின் இடுக்குச் சாந்து உதிர்ந்திருக்கலாம். வெடிப்பை அடைக்காமல் மேலே பூசினால் அடுத்த மழையில் தண்ணீர் பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மாடிக்கு ஏறிப் பார்க்காமல் கீழே நின்றபடியே தொகை சொல்லுகிறவரை அப்படியே வழியனுப்பிவிடலாம்.

மூன்று பேரிடம் மதிப்புக் கேட்பது நல்ல வழக்கம். ஆனால் மூவரும் ஒரே வேலைக்குத்தான் மதிப்புச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எத்தனை சதுர அடி, என்ன கனம், சாந்தில் ஒரு பங்கு சிமிண்டுக்கு எத்தனை பங்கு மணல், எந்தக் கம்பெனிச் சரக்கு, பூச்சு வேலையில் ஜன்னல் கதவுகளின் பரப்பைக் கழிப்பதா சேர்ப்பதா, இடித்த குப்பையை அகற்றும் கூலி யாருடையது - இவை எழுத்தில் இருக்கட்டும். மற்ற இருவரைவிட மிகவும் குறைத்துக் கேட்கிறவர் நஷ்டப்பட வந்தவரல்லர். அந்தக் குறைவைச் சிமிண்டில் எடுத்துக்கொள்வார். சிமிண்டு மூட்டையின் எடை 50 கிலோ. தயாரான வாரமும் வருஷமும் அதன்மேல் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சரக்கு வலுக்குறையும் என்பதை வீட்டு எஜமானியம்மாள் அறிந்திருந்தால் பாதிக் களவு நின்றுபோகும்.

"எழுதிக் கேட்டால் மேஸ்திரி மனம் நோகாதா?" என்று சிலர் தயங்குகிறார்கள். 1010-ஆம் வருஷத்தில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் பார்க்கட்டும். ராஜராஜ சோழன் கொடுத்த பொன்னைக்கூட ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலைக் கட்டிய பெருந்தச்சனான குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே இருக்கிறது. நிறுத்து எழுதுவதை நமது முன்னோர் அவமரியாதையாக நினைக்கவில்லை. மகாராஜாவுக்கு அடுத்த முறை, மாடிக்கு மட்டும் அடாதா?

பணம் கொடுக்கும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதலில் சரக்கு வாங்கும் அளவுக்கு மட்டும் கொடுக்கலாம். இயன்றால் கடைக்குத் தாமே சென்று ரசீதுடன் வாங்குவது சிரேஷ்டம். பிறகு முடிந்த வேலைக்கு முடிந்த அளவில் கொடுத்துவர வேண்டும். சிமிண்டுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். இன்று பூசி நாளைக்கே கணக்குத் தீர்க்கச் சொல்லுகிறவருக்கு அந்த ஏழு நாளில் ஏதோ தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து வீதம் ஒரு பெருமழை பெய்து தீரும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிவிடுவது உத்தமம். பேசாமல் கடைசியில் நிறுத்தினால் மோசம் செய்தவர் நாமாகிவிடுவோம்.

நிற்க. மோசம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. பேசியது ஓர் அறை. "அப்படியே இந்தத் திண்ணையையும் பார்த்துவிடேன்" என்று நாளுக்கொரு வேலை சேர்த்து, முடிவில் கூலியைக் குறைக்கும் கனவான்களும் உண்டு. சித்தாளின் அன்றாடக் கூலியை அப்படித் தட்டிக் கழிப்பதும் களவுதான். வேலை கூடினால் தொகையும் கூட வேண்டும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஏமாந்தால், கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு கொடுத்துப் பெற்ற வேலையில் குறையிருந்தால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தொலைபேசி மூலம் யோசனையும் கேட்கலாம். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

யோக்கியமான கொத்தனார்கள் நமது நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். மலிவுக்கு மயங்கி மோசக்காரனுக்கு நாம் வேலை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர்களில் ஒருவர் வேலையில்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறார். நல்ல வேலைக்காரரைக் கண்டால் நியாயமான கூலியைக் குறித்த நாளில் கொடுத்து, அவர் பெயரை நாலு வீட்டாருக்குச் சொல்லுங்கள். பழைய குளத்தங்கரையின் காவல் அப்போது பட்டணத்துக்கும் வந்து சேரும்.