கும்பகோணம் என்றொரு தொகுதி இருந்தது

கும்பகோணத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் சில பெயர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. கு.ப.ரா., ந.பிச்சமூர்த்தி, மௌனி, எம்.வி.வெங்கட்ராம், உ.வே.சா. பாடம் சொன்ன கல்லூரி, கணிதமேதை இராமானுஜன்; இவற்றோடு வெற்றிலையும் காப்பியும். இரா.செழியனின் பெயரை இந்த வரிசையில் எவரும் சேர்ப்பதில்லை. 1952 முதல் 1977 வரை கும்பகோணம் என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது என்பதும் அதன் கடைசிப் பத்து ஆண்டுகள் அவருடையவை என்பதும், அவ்வூர்க்காரர்களுக்கே மறந்துபோன செய்திகளாகி வருகின்றன. அரசியல் நமக்கெதற்கு என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்வதுண்டு. ஒரு நகரத்தின் நினைவைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அந்த நினைவில் பாதியை மட்டும் காப்பது நேர்மையாகாது என்று நாங்கள் கருதுகிறோம்.

தொகுதியின் வரலாறு சுருக்கமானது. ஐந்து தேர்தல்கள், மூன்று மனிதர்கள். 1952இல் காங்கிரஸின் சி.இராமசாமி முதலியார் வென்றார். 1957, 1962 இரண்டிலும் அதே கட்சியின் சி.ஆர்.பட்டாபிராமன். 1967, 1971 இரண்டிலும் தி.மு.க.வின் இரா.செழியன். காங்கிரஸிலிருந்து திராவிட இயக்கத்துக்கு, மாநிலமெங்கும் நிகழ்ந்த மாற்றந்தானே என்று இதைக் கடந்து போய்விடலாம். நுணுகிப் பார்த்தால் அவ்வளவு எளிதாக இல்லை.

பட்டாபிராமன் சென்னையின் வழக்குரைஞர், சர் சி.பி.இராமசாமி ஐயரின் மகன், மத்திய அரசில் அமைச்சுப் பொறுப்பு வகித்தவர். படித்த குடும்பங்களும் மிராசுதார் வீடுகளும் வழிகாட்ட ஊர் பின்தொடர்ந்த காலத்துக்கு இப்படியொரு வேட்பாளர் இயல்பாகவே பொருந்தினார். கிழக்கே கடலை நெருங்க நெருங்கக் காற்று வேறாக இருந்தது. மாயூரம் தொகுதி 1952இலேயே கம்யூனிஸ்டான கே.அனந்த நம்பியாரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கும், பின்னால் 1968இல் கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் எரிந்ததற்கும் பின்னணியாக இருந்த நிலப்போராட்டம், நெடுங்காலம் அந்தக் கீழ்த்தஞ்சையின் கதையாகவே இருந்தது. கும்பகோணம் அதற்கு மேற்கே, தன் கோவில்களுக்கும் கல்லூரிக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே, தான் ஒரு நகரம் என்ற நினைப்பில் இருந்தது.

அந்த நினைப்பை 1967 கலைத்தது. ஒரு நகரத்தின் பெயரைச் சூடியிருந்தாலும், தொகுதியின் வாக்குகளில் பெரும்பகுதி சுற்றியிருந்த வயல்களில் இருந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. நெல் விளையும் மண்ணில் அரிசி விலை தேர்தல் பிரச்சினையாவதா என்று வியப்பவர்கள் டெல்டாவை அறியாதவர்கள். விளைவிப்பவன் வேறு, விற்பவன் வேறு. நாற்று நட்டுக் களையெடுத்துக் கதிரறுத்த கூலிக்குடும்பம், கூலிநெல் தீர்ந்த மாதங்களில் கடையில் காசு கொடுத்துத்தான் அரிசி வாங்கியது. மலிவான அரிசி என்ற பேச்சு மிராசுதாருக்கு ஒரு பொருளையும் பண்ணையாளுக்கு நேரெதிரான பொருளையும் தந்தது. பட்டாபிராமன் தோற்றார். மாநிலத்தில் தி.மு.க. வென்ற 25 மக்களவை இடங்களில் கும்பகோணமும் ஒன்றாயிற்று.

ஆனால் அதே நாளில், கும்பகோணம் சட்டமன்றத் தொகுதி காங்கிரஸின் என்.காசிராமனைத் தேர்ந்தெடுத்தது! 1971இல் தி.மு.க. 184 சட்டமன்ற இடங்களை அள்ளிச்சென்றபோதும் காசிராமனே மீண்டும் வென்றார். பழைய காங்கிரஸுக்கு அவ்வாண்டு கிடைத்த 15 இடங்களில் அவருடையதும் ஒன்று. அப்போது இரு தேர்தல்களும் சேர்ந்தே நடந்தன. நகரத்தவர் தம் இரண்டு சீட்டுகளை இருவேறு பக்கமாகப் பிரித்திருக்கலாம். வயல்வெளிகளின் வாக்கு நகரத்தின் வாக்கை மூழ்கடித்திருக்கலாம். இரண்டும் ஓரளவு நடந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் ஊகம். எப்படியாயினும், ஒரு பெயரின் கீழ் இரண்டு ஊர்கள் வாக்களித்தன என்பது தெளிவு.

செழியனுக்கு வருவோம். திருக்கண்ணபுரத்துக்காரர், நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. (கடவுள் மறுப்பு மேடைகளில் முழங்கிய இரு சகோதரர்களைத் தந்தது ஒரு திவ்யதேசம் என்பது தஞ்சை மண்ணுக்கே உரிய வேடிக்கை.) 1962இல் பெரம்பலூரிலிருந்து முதன்முறையாக மக்களவைக்குச் சென்றவர். தி.மு.க. என்றால் மேடைத்தமிழ், அடுக்குமொழி என்று நினைத்துப் பழகியவர்களுக்கு அவர் ஓர் ஏமாற்றமாகவே இருந்திருப்பார். அவருடைய ஆயுதங்கள் விதிமுறைப் புத்தகமும் கணக்குத் தணிக்கை அறிக்கையும். பொதுக்கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சி வரிசைக்குத் தரும் மரபு 1967இல் தொடங்கியது. மினு மசானி, வாஜ்பாய் ஆகியோருக்குப்பின் 1971 முதல் 1973 வரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர் கும்பகோணத்தின் உறுப்பினர்.

அவசரநிலைக் காலத்தில் அவையில் எழுந்த எதிர்ப்புக் குரல்களில் அவருடையதும் ஒன்று. ஷா கமிஷன் அறிக்கையின் பிரதிகள் கிடைக்காமற்போய்ப் பல ஆண்டுகள் கழிந்தபின், தம்மிடம் பத்திரமாக இருந்த பிரதியைக்கொண்டு 2010இல் அதை மீண்டும் நூலாகப் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தேழு. ஏடு தேடி அலைந்த உ.வே.சா.வின் ஊர் தேர்ந்தெடுத்தனுப்பிய உறுப்பினர் செய்த காரியம் இது. பதிப்பு வரலாறு பேசும் நம் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கியிருக்க வேண்டாமா?

1971இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை, அவசரநிலையில் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டு 1977 ஜனவரி வரை இருந்தது. கும்பகோணம் தொகுதியின் கடைசிப் பதவிக்காலமே அதன் மிக நீண்ட பதவிக்காலமானது இப்படித்தான். அதற்குள் தொகுதி மறுவரையறை முடிந்திருந்தது. 1977 தேர்தலில் கும்பகோணம் என்ற பெயர் பட்டியலில் இல்லை. நகரம், இன்று மயிலாடுதுறை எனப்படும் தொகுதிக்குள் ஒரு சட்டமன்றப் பகுதியாய் அடங்கியது. அவ்வாண்டு அங்கே வென்றவர் குடந்தை இராமலிங்கம்; ஊரின் பெயர் வேட்பாளரின் பெயரில் ஒட்டிக்கொண்டு தப்பியது என்று சொல்லத் தோன்றுகிறது. செழியன் 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். 2017இல் மறைந்தார்.

பெயர் போனால் என்ன, பிரதிநிதி இருக்கிறாரே என்று கேட்கலாம். 2008 மறுவரையறைப்படி மயிலாடுதுறைத் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார் மூன்றும் 2020இல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் சேர்ந்தன. கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் மூன்றும் தஞ்சை மாவட்டத்திலேயே நின்றன. கும்பகோணத்தைத் தலைநகராகக்கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்தவண்ணம் இருக்க, ஆட்சியருக்குத் தஞ்சாவூர், உறுப்பினருக்கு மயிலாடுதுறை என்று இரண்டு திசைகளில் முகம் திருப்ப வேண்டியதாயிற்று. 1992 மகாமக நெரிசலின்போதும், 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் பள்ளித் தீயில் மடிந்தபோதும், நாடாளுமன்றப் பதிவேட்டில் இந்நகரம் இன்னொரு நகரத்தின் பெயரால்தான் அறியப்பட்டது.

1967, 1971 தேர்தல்களின் துண்டறிக்கைகள், செழியனின் அவை உரைகளைத் தாங்கிய அந்நாளைய இதழ்கள், கும்பகோணத்து வீடுகளின் பரண்களில் இன்னும் சில கிடக்கக்கூடும். கோவில் தலபுராணங்களைப் படியெடுத்துவைக்கும் நண்பர்கள் அவற்றையும் படியெடுத்துவைத்தால் நன்றியுடையோம்.