ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி?



ஐப்பசி பிறந்துவிட்டால் ஜாபர்கான்பேட்டையிலுள்ள ஒரு மூதாட்டி என்னைக் கண்டவுடன் கேட்கும் முதற்கேள்வி, "சாமி, ஏரியில் இன்றைக்கு எத்தனை அடி?" என்பதே. தம் மூட்டு வலியைப் பற்றியோ, வெளியூரிலுள்ள மகனைப் பற்றியோ அதன் பின்னர்தான் பேசுவார். அவருடைய வீட்டுச் சுவரில், சன்னலுக்கு மேலே, 2015-இல் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரிடம், "அதை மட்டும் விட்டுவிடு" என்றாராம்.

அவர் கேட்பது செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி. பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள அந்த ஏரிக்கும் கிண்டியை ஒட்டிய வீடுகளுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் நினைக்கலாம். ஏரியின் மதகுகளைத் திறந்தால் உபரிநீர் குன்றத்தூர் வழியே ஓடித் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. பிறகு ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை. அவ்வளவுதான் தொடர்பு!

ஏரியின் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய ஒரே நாள் மழையில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது. அந்த அளவில் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரு பங்குக்கு மேல் வெளியேறிவிடும். நள்ளிரவில் அது வீட்டுக்குள் புகுந்தால், மாடியில்லாதவர் எங்கே போவார்?

2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. ஏரியின் நீர்பரப்புக்குள் அமைந்த பட்டா நிலங்கள் மூழ்கிவிடும் என்று ஏரியை முழு அளவு நிரப்பாமல் விட்டதும் அவ்வறிக்கை கூறிய குறைகளுள் ஒன்று. மேலே சிலருடைய நிலம் நனையாதிருக்க, கீழே பலருடைய வீடு மூழ்கிற்று என்று பொருள். அரசுத் தரப்போ, ஏரிக்கரையின் பாதுகாப்புக்காகவே நீரைத் திறந்ததாகக் கூறியது. இருபுறத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதே ஆற்றில்தான் வந்து விழுகிறது; ஆகவே பழி முழுவதையும் மதகின்மேல் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் முன்கூட்டியே, சிறுகச் சிறுகத் திறந்திருக்கலாமே என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

அப்படியானால் ஏரியை எப்போதும் குறைவாகவே வைத்திருக்கலாகாதா? 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஆற்றங்கரைக் குடும்பம் அஞ்சும் அதே தண்ணீருக்காக அடுத்த தெருக் குடும்பம் குடத்தோடு லாரியின் பின்னே ஓடிற்று. மதகின் சக்கரத்தைத் திருப்பும் அதிகாரி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். அவருடைய இடத்தில் நிற்க நான் ஆசைப்படமாட்டேன்.

2020 நவம்பர் 25-இல் நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கனஅடி திறந்து, பின்னர் படிப்படியாகக் கூட்டினார்கள். அறிவிப்பும் முன்னதாகவே வந்தது. பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம். கிண்டிப் பந்தயத் திடலில் 2024-இல் மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டியதும் நல்லதே. தியாகராய நகரே ஒரு காலத்தில் பெரிய ஏரியாயிருந்த இடம். 1920-களில் அதைத் தூர்த்து மனையாக்கிய நாம், நூறாண்டு கழித்துக் குதிரை ஓடிய தரையில் குளம் தோண்டுகிறோம்!

சென்ற கார்த்திகையில் அம்மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். நிலப்பத்திரமும் ஞானஸ்நானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து பரணின்மேல் இருந்தன. "21 அடி, அம்மா" என்றேன். "அப்படியானால் இன்றிரவு தூங்கலாம்" என்று சொல்லி எனக்குக் காப்பி போட எழுந்தார்.