நாற்பது வயதில் கத்தரிக்கோல்



திருமணத்திற்கு முன் ஊரில் சில மாதங்கள் முடிதிருத்தும் கலையைக் கற்று, குடும்பப் பாரத்தினால் பாதியிலே விட்டுவிட்டு, கணவரோடு பிம்ப்ரிக்கு வந்து சேர்ந்தவர்கள் நம் சபைகளில் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கம்பெனி வேலையோ ஒப்பந்தத்தின்மேல் நிற்கிறது. மீண்டும் கற்கலாமா என்ற எண்ணம் எழும்போதே, விசுவாசியான ஸ்திரீ இத்தொழிலைச் செய்யலாமா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

இது எளிய கேள்வி அல்ல. ஸ்திரீயின் கூந்தலைக் குறித்து பவுல் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை நாம் அறிவோம். அதன்படி தன் கூந்தலை வெட்டாமல் காத்துவருகிற சகோதரி, மற்றொருத்தியின் கூந்தலை வெட்டலாமா? எல்லாச் சபைகளும் இதில் ஒரேவிதமாய்ப் போதிப்பதில்லை. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். வெட்டுதலும் சாயமிடுதலும் இப்பயிற்சியின் பாடத்தில் உள்ளவை. பாதியில் நின்று, "இதை மட்டும் செய்யமாட்டேன்" என்று சொல்வது கடினம். ஆகையால் கட்டணம் செலுத்தின பின்பு அல்ல, அதற்கு முன்பே கணவரோடும் போதகரோடும் பேசி, ஜெபித்து, மனச்சாட்சியில் தெளிவடையுங்கள். தொழிலில் நிலைபெற்ற பின்பு எதை ஏற்பது என்பது உங்கள் கையில் இருக்கும். சிறுபிள்ளைகளின் முடியைத் திருத்துதல், பேன் நீக்குதல், மணமகளுக்குப் பின்னலிடுதல், படுக்கையிலிருக்கும் முதியவரின் தலையைக் கழுவி வாரிவிடுதல், இவையும் இத்தொழிலே. கடைசியாய்ச் சொன்னதை ஊழியம் என்றே நான் எண்ணுகிறேன்.

மற்றொரு தயக்கத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இது இன்ன ஜாதியாரின் தொழில் அல்லவா? ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள்?" ஞானஸ்நானம் பெற்ற பின்பும் இந்தப் பேச்சு நம் வீடுகளில் இருப்பது வருத்தத்திற்குரியது. நாம் பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிர மண்ணில், மேல்ஜாதி விதவைகளின் தலையை மழித்துவிடும் கொடிய வழக்கம் இருந்தது. 1890இல் மும்பையில் நாவிதர்கள் ஒன்றுகூடி, இனி விதவைகளின் தலையில் கத்தி வைக்கமாட்டோம் என்று தீர்மானித்தார்கள். தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகாண்டே அவர்களுக்குத் துணைநின்றார். தங்கள் கூலியை இழந்து பிறர் கண்ணீரைத் துடைக்க முன்வந்தவர்களின் தொழிலையா நாம் இழிவென்று சொல்வது?

அதே 1890இல் பண்டித ரமாபாய் அம்மையார் விதவைகளுக்கான தமது சாரதா சதனத்தை மும்பையிலிருந்து புனேவுக்கு மாற்றினார். பின்பு கேட்காவில் அவர் நிறுவின முக்தி மிஷன், 1905ஆம் ஆண்டின் எழுப்புதலினால் பெந்தெகொஸ்தே சபையார் அனைவரும் அறிந்த இடமாயிற்று. ஆனால் அங்கே ஜெபத்தோடு நெசவும் தையலும் அச்சுவேலையும் கற்பிக்கப்பட்டதை நாம் அதிகமாய்ப் பேசுவதில்லை. புத்தகத்தையே தொட்டறியாத ஸ்திரீகள் அங்கே எழுத்துக்கூட்டினார்கள். அம்மையாரும் வேதாகமத்தை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்க்கும் பெரும்பணியை நடுவயதில் மேற்கொண்டு, 1922இல் மரிக்குமளவும் அதிலே உழைத்தார்.

இனி பயிற்சிக்கு வருவோம். முன்பு கற்றது கைக்கு மறந்திருக்கும், அதற்காகச் சோர்ந்துபோகவேண்டாம். கத்தரிக்கோலில் பெருவிரல் மட்டுமே அசையவேண்டும் என்பதைப் பொம்மைத் தலையின்மேல் பல நாட்கள் பழகவேண்டியிருக்கும். ஈரமான முடி நீண்டு நிற்கும், உலர்ந்தபின் சுருங்கும், சுருட்டை முடியோ இன்னும் அதிகமாய் ஏறிவிடும். ஆகவே குறைவாய் வெட்டிப் பார்ப்பதே நலம். கறுப்புச் சாயங்கள் பலவற்றிலுள்ள பி.பி.டி. என்னும் இரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. 48 மணிநேரம் முன்பாகவே காதின் பின்புறத்தில் சிறிது தடவிச் சோதிக்கவேண்டும். ஒருவருக்கு உபயோகித்த பிளேடை மற்றவருக்கு ஒருபோதும் வைக்கலாகாது. இருபது வயதுப் பெண்கள் அவசரத்தில் தவறவிடும் இவற்றை, பிள்ளைகளை வளர்த்த கைகள் கவனமாய்ச் செய்யும். கால்வலி மாத்திரம் இளையவர்களைவிட நமக்கு அதிகம். மெத்தென்ற செருப்பு அவசியம்.

எங்கே சேர்வது? பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு மோரவாடியில் ஐ.டி.ஐ. உண்டு, பெண்களுக்கென்று காசார்வாடியிலும் ஒன்று உண்டு. அது பிம்ப்ரியிலிருந்து லோக்கல் ரயிலில் அடுத்த நிலையமே. இவ்வருடம் அழகுக்கலைப் பிரிவு நடக்கிறதா என்று நேரில் விசாரியுங்கள். ஐ.டி.ஐ.களில் அது ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அவ்வளவு படிக்காதவர்கள் மத்திய அரசின் ஜன் சிக்ஷண் சன்ஸ்தானைக் குறித்துக் கேளுங்கள். 1967இல் மும்பையில் தொழிலாளருக்காகத் தொடங்கப்பட்ட திட்டம் அது; இப்போது 15 முதல் 45 வயதுவரை சேரலாம். தெருமுனைப் பார்லரில் கற்பதும் தவறல்ல, ஆனால் கொடுக்கும் சான்றிதழ் வேறிடத்தில் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்குமுன் ஒரு காரியம். நம் ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் தகப்பனாரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். இங்குள்ள படிவமோ குடும்பப்பெயரைக் கேட்கும். மூன்றையும் எடுத்துக்கொண்டு, திருமணப் பதிவுச் சான்றோடு, பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகுமுன்னே அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அதன்பின் கூட்டம் சேர்ந்துவிடும்.