ஏடுள்ள வழங்கி

சுவடிப் பயிற்சி உடையோர்க்கு இடைச்செருகல் பழகிய தொல்லை. படியெடுத்தவர் தம் விருப்பப்படி ஓரடி சேர்த்திருப்பார். எது மூலம், எது கைச்சரக்கு என்பது பின்வருவோர்க்குப் புலப்படாது. சர்வர் என நாம் சொல்லும் வழங்கிக் கணினிக்கும் இதே நோய் உண்டு. ஒருவர் நள்ளிரவில் உள்நுழைந்து ஒரு கோப்பைத் திருத்துவார். மற்றொருவர் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவிவிட்டு மறந்துபோவார். சில ஆண்டுகள் கழித்து அந்த எந்திரம் பழுதானால், அதுபோல் இன்னொன்றை அமைக்க எவராலும் இயலாது.

2013இல் வெளிவந்த கோர்ஓஎஸ் என்னும் இயங்குதளம் இதற்கு ஒரு மருந்து காட்டியது. இன்றியமையாதவை மட்டுமே அதில் இருந்தன. மென்பொருள் நிறுவும் கருவிகூடக் கிடையாது. அதன் முதன்மைப் பகுதியைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. ஓடவேண்டிய மென்பொருள்கள் தமக்கு வேண்டியவற்றைத் தாமே சுமந்து, கொள்கலன்களாக வந்து அமரும். பயனர் யார், அவர் சாவி எது, எந்தக் கொள்கலன் தொடங்கவேண்டும் என்பனவெல்லாம் ஒரே கோப்பில் எழுதப்படும். பின்னர் அதில் சேர்ந்த இக்னிஷன் என்னும் நிரல், எந்திரம் முதன்முறை விழிக்கும்போது மட்டும் அந்த ஏட்டைப் படித்து, அவ்வாறே அமைத்துவிட்டு விலகிக்கொள்ளும். திருத்தம் வேண்டுமெனில் ஏட்டைத் திருத்தி எந்திரத்தைப் புதிதாய் எழுப்பவேண்டும் என்பதே இம்முறையின் இலக்கணம்.

சிறு திருத்தத்துக்காக முழு எந்திரத்தையும் எழுப்புவதா, அன்சிபிள் போன்ற கருவிகள் ஓடும் எந்திரத்திலேயே திருத்துமே என்பாருண்டு. உண்மைதான். ஆனால் அன்சிபிள் தன் ஏட்டில் குறித்தவற்றை மட்டுமே சரிபார்க்கும். குறிக்கப்படாத இடைச்செருகல் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இம்முறைக்குச் சோதனையும் வந்தது. கோர்ஓஎஸ் நிறுவனத்தை 2018இல் ரெட் ஹாட் வாங்கியது. 2020 மே மாதத்தோடு அந்த இயங்குதளத்தின் ஆதரவு முடிந்தது. அதன் கிளையான ஃபிளாட்காருக்குச் சென்றோர்க்குப் பழைய ஏடே பயன்பட்டது. ஃபெடோரா கோர்ஓஎஸ்ஸுக்குச் சென்றோர், ஏட்டின் வடிவம் மாறியிருந்ததால், அதைத் திருத்தி எழுத நேர்ந்தது. ஆயினும் திருத்துவதற்கு அவர்களிடம் ஓர் ஏடு இருந்தது.

ஏடு ஒன்றே போதும் என நாம் சொல்லவில்லை. தரவுகள் அதில் அடங்கா. அவற்றைத் தனி வட்டில் வைத்துப் படியெடுத்துவர வேண்டும். கடவுச்சொற்களை அதில் எழுதலாகாது. கொள்கலனின் பதிப்பெண்ணைக் குறிக்காமல் 'அண்மைப் பதிப்பு' என்று மட்டும் எழுதினால், பாடபேதம் பின்வாசல் வழியே நுழைந்துவிடும்.

ஒருவர் நினைவில் மட்டும் வாழும் வழங்கி அவரோடே மறையும். தம் இதழ்த் தொகுப்பை இணையத்தில் தாமே பேண விழையும் சிறு குழுக்கள் முதலில் எழுதவேண்டியது இந்த ஏட்டையே என்பது நம் கருத்து.