வாயாடி அட்டை

நம்முடைய சட்டைப் பைக்குள் ஒரு வாயாடி வந்து குடியேறியிருக்கிறான். பாங்குக்காரர்கள் அனுப்பிவைக்கும் புது அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நாலு வளைகோடுகள் போட்டிருக்கும். அந்த முத்திரை இருந்தால், அது தொடாமலே பேசுகிற அட்டை என்று அர்த்தம். கடைக்காரர் நீட்டும் யந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். செருக வேண்டாம், ரகசிய எண்ணை அழுத்த வேண்டாம். ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பணம் போய்விடும். இதற்குச் சௌகரியம் என்று பெயர். சௌகரியந்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. யாருக்குச் சௌகரியம், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டைக்குள் பாட்டரி ஏதும் கிடையாது. சின்னஞ்சிறிய சில்லு ஒன்றும், மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கின்றன. கடையிலுள்ள யந்திரம் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் அதிரும் காந்தப் புலத்தைத் தன்னைச் சுற்றிப் பரப்புகிறது. அந்த எல்லைக்குள் அட்டை வந்ததும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது; சில்லு விழித்துக்கொள்கிறது; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதை எழுப்புகிறவன் சொந்தக்காரன் அல்ல, கேள்வி கேட்கிறவன். சொந்தக்காரர் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா, அவருக்கு இதில் சம்மதமா என்பதெல்லாம் சில்லுக்குத் தெரியாது.

பழைய அட்டையில் நம் சம்மதத்துக்கு மூன்று சாட்சிகள் இருந்தன. எடுத்தது நம் கை. செருகியது நம் கை. எண்ணை அழுத்தியது நம் விரல். புதிய அட்டையில் பக்கத்தில் இருந்ததே சம்மதம் ஆகிவிட்டது. கல்யாணக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்காக ஒருவருடைய மொய்ப் பணத்தை இன்னொருவர் பையிலிருந்து எடுப்போமா?

நிற்க. இந்த விஷயத்தில் பூச்சாண்டி காட்டிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பஸ்ஸில் உரசிக்கொண்டு நிற்கிறவன் யந்திரத்தை உங்கள் பையருகே கொண்டுவந்தால் சேமிப்பு முழுவதும் காலியாகிவிடும் என்கிறார்கள். கையோடு ஓர் உலோக உறையையும் விற்கிறார்கள். அவர்கள் கட்சியில் நான் சேரமாட்டேன். பணம் வாங்கும் யந்திரத்துக்கு ஒரு வியாபாரியின் பெயரில் கணக்கு வேண்டும். பணம் எங்கே போயிற்று என்பது ஏட்டில் நிற்கும். தவிர, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் சில்லு புதிதாக ஒரு சங்கேதத்தை உண்டாக்குகிறது. நேற்றைய பேச்சைப் பதிவு செய்துவைத்து இன்றைக்குத் திரும்ப ஒலிபரப்பிப் பணம் பறிக்க முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால், ‘அப்படியானால் பயமே இல்லை’ என்று பாங்கு விளம்பரம் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் இத்தகைய அட்டைகள் முதலில் வந்தபோது, 2006-இல் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் சிலவற்றைச் சோதித்தார்கள். சொந்தக்காரர் பெயர், அட்டை எண், காலாவதித் தேதி எல்லாவற்றையும் அவை எந்த மறைப்பும் இல்லாமல் கொட்டின. உறைக்குள் தபாலில் வந்த அட்டைகூடப் பேசும் என்ற நிலை! பிறகுதான் பெயரைச் சொல்லாதே என்று அட்டைகளுக்குக் கற்பித்தார்கள். ‘நாலு சென்டிமீட்டர் தூரந்தானே பேசும்?’ என்றார்கள். அதே 2006-இல் டெல் அவீவ் சர்வகலாசாலையில் இருவர் சொற்பச் செலவில் ஒரு கருவி செய்து, இந்த வகைச் சில்லைச் சுமார் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பேசவைத்தார்கள்.

தூரம்கூடப் பெரிய விஷயமல்ல. ஜான் கான்வே என்ற கணித மேதை ஒரு வேடிக்கைக் கதை சொல்லியிருக்கிறார். சதுரங்கத்தில் தேர்ச்சியில்லாத ஒரு சிறுமி இரண்டு மகா நிபுணர்களோடு ஒரே சமயத்தில் ஆடுகிறாள். ஒருவர் நகர்த்திய காயை மற்றவரிடம் போய் நகர்த்துகிறாள். அவருடைய பதிலைக் கொண்டுவந்து இவரிடம் வைக்கிறாள். நிபுணர்கள் இருவரும் உண்மையில் தங்களுக்குள் ஆடிக்கொள்கிறார்கள். பெயர் என்னவோ சிறுமிக்கு. ஒரு திருடன் நம் அட்டையருகில் நிற்க, அவன் கூட்டாளி எங்கோ ஒரு கடை யந்திரத்தருகில் நின்றால், இந்த ஆட்டத்தை அப்படியே ஆடலாம். யந்திரம் கேட்பதை ஒருவன் அனுப்புகிறான். அட்டை சொல்வதை மற்றவன் திருப்பி அனுப்புகிறான். சங்கேதத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. 2005-இல் கேம்பிரிட்ஜில் ஓர் ஆராய்ச்சியாளர் 50 மீட்டர் இடைவெளியில் இதைச் செய்து காட்டினார்.

2020-இல் ஸூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே போனார்கள். விஸா அட்டை ஒன்றுக்கும் யந்திரத்துக்கும் நடுவே இரண்டு டெலிபோன்களை வைத்து, போகிற வழியில் ஒரே ஒரு பொய்யைச் சேர்த்தார்கள். ‘சொந்தக்காரர் தம்முடைய டெலிபோனிலேயே தம்மை நிரூபித்துவிட்டார், ரகசிய எண் கேட்க வேண்டாம்’ என்பது அந்தப் பொய். யந்திரம் அதை நம்பியது. வரம்புக்கு மேற்பட்ட தொகைகூட ரகசிய எண் இல்லாமல் போயிற்று.

‘இவையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்து விளையாட்டுகள், ஸார்’ என்று சமாதானம் சொல்கிறவர்கள், 2024-இல் செக் நாட்டிலிருந்து வந்த செய்தியைப் படித்திருக்கமாட்டார்கள். பாங்கிலிருந்து பேசுவதாக ஜனங்களை ஏமாற்றி, அவர்கள் டெலிபோனில் ஒரு நிரலை ஏற்றவைத்து, அட்டையை அந்த டெலிபோனின் முதுகில் வைக்கவும் ரகசிய எண்ணை அடிக்கவும் செய்திருக்கிறார்கள். அட்டை பேசிய பேச்சு அப்படியே திருடன் கையிலிருந்த டெலிபோனுக்குப் போயிற்று. அவன் பணம் கொடுக்கும் யந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கான்வேயின் சிறுமி சதுரங்கப் பலகையை விட்டு இறங்கி நிஜமாகவே கொள்ளையடிக்கக் கிளம்பிவிட்டாள்!

இன்னொரு கட்சியினர் இருக்கிறார்கள். ‘குறைகளைப் பகிரங்கமாக எழுதாதீர்கள், திருடனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள்’ என்பது அவர்கள் வாதம். இதற்கு ஹாலந்து நாட்டில் ஒரு நீதிபதி பதில் சொல்லிவிட்டார். பிரயாண அட்டைகளிலும், அரசாங்கக் கட்டடங்களுக்குள் நுழையும் அடையாள அட்டைகளிலும் மைஃபேர் கிளாஸிக் என்ற சில்லு இருந்தது. உலகத்தில் நூறு கோடிக்கு மேல் விற்ற சரக்கு. அதன் சங்கேத முறையை யாருக்கும் சொல்லாமல் மூடிவைத்திருந்ததுதான் அதன் முக்கியக் காவல். நைமேகன் ஊர் ராட்பௌட் சர்வகலாசாலையார் 2008-இல் அதை உடைத்தார்கள். அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் முன்னதாகவே தெரிவித்தார்கள். பிறகு கட்டுரையாகப் பிரசுரிக்க முனைந்தார்கள். சில்லைச் செய்த என்.எக்ஸ்.பி. கம்பெனி தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் ஆர்னெம் நகர நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. நஷ்டம் வருமானால் அது கட்டுரையால் வருவதல்ல, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் வருவது என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஓட்டைக் குடத்தை விற்றவன், ‘ஓட்டை’ என்று சொன்னவன் வாயை அடைக்கப் பார்த்தான், நடக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2020 ஜனவரியில் ரிசர்வ் பாங்கு ஓர் உத்தரவு போட்டது. புதிதாகக் கொடுக்கும் அட்டைகளில் இந்தத் தொடாப் பேச்சு மூடியே இருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் கேட்டால்தான் திறக்க வேண்டும். வேண்டியபோது அவரே மூடவும் திறக்கவும் வரம்பு வைக்கவும் வசதி தர வேண்டும். அருமையான உத்தரவு. ஆனால் ரகசிய எண் இல்லாமல் போகக்கூடிய தொகை ஒரு தடவைக்கு 2,000 ரூபாயாக இருந்ததை, 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாயாக அவர்களே உயர்த்தினார்கள். ‘ஐயாயிரந்தானே?’ என்று கேட்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு பாங்கு அதிகாரி. ஓய்வூதியம் வாங்கும் ஒரு மூதாட்டி கடைத்தெருவில் அட்டையைத் தவற விடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவன் கடை கடையாக ஏறி ‘டிங்’, ‘டிங்’ என்று தட்டுகிறான். அந்த அம்மாளுக்கு ஐயாயிரம் என்பது மருந்து, பால், வாடகை. செய்தியோ அயலூரிலிருக்கும் மகனுடைய டெலிபோனுக்குப் போகிறது. மறுநாள் பாங்கில் போய் நின்றால் என்ன கேட்பார்கள்? ‘உங்கள் அட்டைதானே அம்மா யந்திரத்தில் வந்திருக்கிறது?’ என்பார்கள்.

என் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியோடுதான். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம், மனுஷியின் சொல்லைவிடச் சில்லின் சொல்லுக்கு மதிப்பு அதிகமாவது. அவள் ‘நான் கொடுக்கவில்லை’ என்கிறாள். சில்லு ‘கொடுத்தாள்’ என்கிறது. சொந்தக்காரி யார் என்றே தெரியாத சில்லு எப்படிச் சாட்சியாக முடியும்? 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கு, அனுமதியில்லாமல் நடந்த மின்னணுக் கொடுக்கல் வாங்கலில் வாடிக்கைக்காரர்மேல் பொறுப்பு உண்டு என்று நிரூபிக்கும் பாரம் பாங்கையே சேர்ந்தது என்று எழுதிவைத்தது. அதை நம்மில் எத்தனை பேர் பாங்கு மானேஜரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

பாஸ்போர்ட்டிலும் இந்தச் சில்லு புகுந்துவிட்டது. சென்னையில் 2025 மார்ச்சில் கொடுக்கத் தொடங்கினார்கள். இதைப் படிக்க ஒரு சாவி வேண்டும் என்பது உண்மை. ஆனால் உலகெங்கும் வழக்கத்திலுள்ள அடிப்படை முறையில், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றிலிருந்தே அந்தச் சாவி உண்டாகிறது. லாட்ஜில் நகல் எடுத்துக்கொண்டு அனுப்புகிறார்களே, அந்தத் தாளில் சாவியும் சேர்ந்தே இருக்கிறது. அட்டை எண் களவுபோனால் வேறு எண் வாங்கலாம். பிறந்த தேதியையும் முகத்தையும் எந்தக் கவுண்டரில் மாற்றித் தருவார்கள்?

ஜனங்கள் கேட்டால் நடக்கும் என்பதற்கும் பாஸ்போர்ட்டே உதாரணம். அமெரிக்க அரசாங்கம் 2005-இல் சங்கேதக் காவல் இல்லாத சில்லை வைக்கத் திட்டமிட்டு அபிப்பிராயம் கேட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன; பெரும்பாலானவை கண்டனம். அதன் பிறகுதான் படிப்பதற்குச் சாவியும், மேலட்டைக்குள் அலையைத் தடுக்கும் உலோகத் திரையும் வந்தன.

ஆகவே, என் கட்சி இதுதான். கேட்காமல் திறந்துவிட்ட அட்டையை எந்தப் பாங்கும் தபாலில் அனுப்பக் கூடாது. வளைகோடுகள் எதைக் குறிக்கின்றன, எப்படி மூடுவது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து அட்டையோடு வைக்க வேண்டும். பணம் போயிற்று என்று வருகிறவரைக் குற்றவாளிபோல் நிறுத்தக் கூடாது. நிரூபிக்க வேண்டியவர்கள் பாங்குக்காரர்கள். குறையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவரை வழக்கு மன்றத்துக்கு இழுக்கக் கூடாது. நம் பங்குக்கும் ஒரு காரியம் உண்டு. நாளைக் காலையில் பாங்கைக் கூப்பிட்டு, ‘என் அட்டையின் வாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்?’ என்று கேளுங்கள். நூறு பேர் கேட்டால் சலித்துக்கொள்வார்கள். லட்சம் பேர் கேட்டால் பதில் சொல்வார்கள்.