மோட்டார் ரிப்பேர்

காலை ஏழேகாலுக்கு மண்டபக்காரர் போன் செய்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மோட்டார் காயில் போயிடுச்சு. சொட்டுத் தண்ணி ஏறல. நாலு பேர் வந்து போற எடம், பாத்ரூமுக்குத் தண்ணி இல்லாம எப்படி சார்? அட்வான்ஸை மத்தியானத்துக்குள்ள அனுப்பிடறேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் புத்தக வெளியீடு. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் தன் ஊர் ஆற்றில் முப்பது வருடமாக மணல் போன கதையை எழுதியிருந்தார். மெலிந்த புத்தகம், முந்நூறு பிரதி. அதைப் பற்றிப் பேசத்தான் நான் முந்தின இரவே பஸ் பிடித்து அந்த ஊருக்கு வந்திருந்தேன்.

ஏற்பாடு செய்தவர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலையும் அதைவிட அதிக நேரம் சங்கமும் பார்த்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "காயில் போகல தோழர். ஸ்டேஷன்லேருந்து போன் போயிருக்கு."

இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. மிரட்டியிருக்கவே வேண்டியதில்லை. "என்ன கூட்டம்? யார் யார் வர்றாங்க?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் "பார்த்துக்குங்க" என்று சொல்லியிருப்பார். தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் அகலம் அசாத்தியமானது. வெளியூருக்குப் படிக்கப் போகும் பையனிடம் அம்மா சொல்வதும் இதையேதான். மண்டபக்காரருக்கு லைசென்ஸ் இருக்கிறது, பார்க்கிங் தகராறு இருக்கிறது, முகூர்த்த நாளில் பத்து மணிக்கு மேல் பாட்டுக் கச்சேரி இருக்கிறது. அவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

தடை என்று எழுதித் தந்திருந்தால் வக்கீலைப் பார்க்கலாம். சென்னையில் தெருவில் கூட்டம் போட 1888ஆம் வருடத்துச் சென்னை நகரக் காவல் சட்டப்படி ஐந்து நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடக்கும் கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதியே தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பழுதான மோட்டாரை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது?

பத்தி எழுத ஆரம்பித்து இத்தனை வருடத்தில் என்னை யாரும் மிரட்டியதில்லை. ஒரு காலத்தில் அதை நாட்டின் சுதந்திரத்துக்கு அத்தாட்சியாக நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. பேசுகிறவனிடம் வந்து பேசாதே என்று சொல்வது செலவு பிடித்த வேலை. அவன் கத்துவான், ஊரைக் கூட்டுவான், தியாகியாகிவிடுவான். பக்கத்தில் நிற்கிறவரிடம் போனால் சத்தமே வராது. மண்டபக்காரர், அச்சகக்காரர், மைக்செட்காரர், பத்திரிகையைக் கடையில் தொங்கவிடுகிறவர் என்று அந்த வரிசை நீளம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1908இல் 'இந்தியா' வார இதழில் எழுதியவர் யார் என்று திருவல்லிக்கேணிக்கே தெரியும். ஆனால் பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்த பெயர் மு. சீனிவாசன். ராஜதுரோக வழக்கில் உள்ளே போனது அவர்தான். பாரதி புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகையை நடத்தினார். பிரெஞ்சு மண்ணில் அவர் பேனாவை யாரும் பிடுங்க முடியாது. அதனால் ஆங்கிலேய அரசு பேனாவை விட்டுவிட்டுத் தபாலைப் பிடித்தது. பத்திரிகை எல்லைக்குள் நுழையக் கூடாது என்றது. எழுதலாம், அச்சடிக்கலாம், வாசகன் கைக்குத்தான் போகாது. 1910இல் 'இந்தியா' நின்றுபோனது.

அதே 1910இல் வந்த அச்சகச் சட்டம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. புதிதாக அச்சகம் வைப்பவரை 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்டச் சொல்லலாம்; ஆட்சேபகரமாக ஏதாவது வந்தால் பணம் அரசுக்கு. அந்தக் காலத்து ஐந்நூறு ரூபாய் ஒரு குடும்பத்தின் நிலம். அரசு தனியாகத் தணிக்கையாளர் வைக்க வேண்டியதே இல்லை. கம்போசிங்குக்குப் போகும் முன் கையெழுத்துப் பிரதியைக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தவர் அச்சக முதலாளி. 1933இல் 'குடி அரசு' தலையங்கத்துக்காக ஈ.வெ.ரா. மீது வழக்கு வந்தபோது வெளியீட்டாளர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் சேர்ந்தே தண்டிக்கப்பட்டார். எழுதியவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் இன்னொருவர், தண்டனை இருவருக்கும்.

வெள்ளைக்காரன் போனபிறகு மாறியிருக்கும் என்று நினைக்கத்தானே ஆசை? 1950, ஜனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 1ஆம் தேதி சென்னை மாகாண அரசு ஓர் உத்தரவு போட்டது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் மாகாணத்துக்குள் நுழையவும் விற்கவும் தடை. குமாரசாமி ராஜா முதல்வராக இருந்த காங்கிரஸ் அரசு அது. கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்ட காலம். பதினெட்டே நாள் முன்பு, பிப்ரவரி 11இல், சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்திருந்தார்கள். அரசு கையில் எடுத்தது 1949ஆம் வருடத்து மதராஸ் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம். தாப்பரைக் கைது செய்யவில்லை, அவர் பம்பாயில் எழுதிக்கொண்டே இருக்கலாம். நாற்பது வருடத்துக்கு முன் புதுச்சேரிப் பத்திரிகைக்குச் செய்த அதே வேலை. ஆட்சி மாறியது, கொடி மாறியது, கோப்பின் நாடா மட்டும் பழையது.

தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்று அரசு தரப்பு சொன்னது எடுபடவில்லை. மே 26இல் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. சென்னையில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து டெல்லிக்குப் போனவர். கருத்தை வெளியிடும் உரிமைக்குள் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும், விநியோகம் இல்லாவிட்டால் வெளியீட்டுக்கு மதிப்பே இல்லை என்பது அதன் சாரம். பொது ஒழுங்கு என்ற பெரிய போர்வையால் மூடித் தடை போட அன்றைய அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவில் இடமில்லை என்றும் சொன்னார். மதராஸ் சட்டத்தின் அந்த உட்பிரிவு செல்லாது என்றாகிவிட்டது. என் கணக்கில், மண்டபக்காரருக்கும் தபால்காரருக்கும் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் கொடுத்த முதல் பாதுகாப்பு அதுதான்.

அதன் ஆயுள் ஒரு வருடமும் சில்லறை நாட்களும். தீர்ப்பு இடம் தரவில்லையென்றால் அரசியல் சட்டத்திலேயே இடம் பண்ணிவிடலாம் என்று நேரு அரசு முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. நாட்டில் இன்னும் பொதுத் தேர்தலே நடக்கவில்லை, இருந்தது தற்காலிக நாடாளுமன்றம். 1951, ஜூன் 18இல் திருத்தம் சட்டமானது. பொது ஒழுங்கு, அந்நிய நாடுகளுடன் நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று மூன்று புதிய காரணங்கள் பட்டியலில் ஏறின. கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தார்கள், அதை மறைக்கக் கூடாது. இன்றுவரை நீதிமன்றங்கள் நமக்குக் கொடுத்த நிவாரணங்களில் பல அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகின்றன. ஆனாலும் இன்று எந்த ஊரில் எந்த அதிகாரி "லா அண்ட் ஆர்டர் பிரச்சினை வரும் சார்" என்று சொன்னாலும், அந்த வாக்கியத்தின் பூர்வீகம் கோட்டையில் எழுதிய ஒரு மார்ச் மாத உத்தரவு என்று எனக்கு ஞாபகம் வருகிறது. பெருமைப்பட முடியாத மண்ணின் மைந்தன்.

நேரடியாகக் கை வைத்து ஆட்சியாளர்கள் சூடுபட்ட கதையும் உண்டு. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக்: மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்பவருக்கு, பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. மூன்று மாதத்தை எங்கே தாங்குவது? கண்டனம் குவிந்து சில நாட்களிலேயே விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. பின்னாளில் அவர் வழக்குப் போட்டு அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். அந்த ஜோக் சுமார்தான், சபை அதைச் சரித்திரமாக்கியது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் விவரமானார்கள். 2011க்கும் 2016க்கும் இடையில் ஜெயலலிதா அரசு போட்ட அவதூறு வழக்குகள் 200க்கு மேல். முதல்வர் நீதிமன்றத்துக்கு வர வேண்டாம், அவருக்காக அரசு வழக்கறிஞர் தாக்கல் செய்வார். செலவு நம் வரிப்பணம். ஆசிரியரும் நிருபரும் வெளியீட்டாளரும் மட்டும் வாய்தாவுக்கு வாய்தா வந்து கோர்ட் மரத்தடியில் நிற்க வேண்டும். ஜெயிப்பது அரசின் நோக்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட வழக்குகளில் ஒரு கொத்தை ரத்து செய்தபோது சில பத்திரிகைகள் அந்த வழக்குகளைச் சுமந்து வருடக்கணக்காகியிருந்தது. அந்த வருடங்களில் எழுதப்படாமல் போன செய்திகளை எந்த நீதிமன்றமும் கணக்கெடுக்காது.

ஆளும் கட்சி எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான். 2024இல் தி.மு.க. ஆட்சியில் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பெண் காவலர்களைப் பற்றி அவர் பேசியது கண்ணியமற்றது என்பது என் கருத்து, அதற்கு வழக்குப் போட சாதாரணச் சட்டமே போதும். என் கண்ணில் பட்டது வேறு: பேட்டி எடுத்தவரையும் கைது செய்தார்கள். அவருக்கு ஜாமீன் கொடுக்கையில் சேனலையே மூட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை போட, அதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மைக் பிடித்தவர் கதி இதுவென்றால் அடுத்தவர் மைக் நீட்டுவாரா? (1982ஆம் வருடத்து அந்தக் குண்டர் சட்டத்தின் பட்டியலில் மணல் கொள்ளையர்களும் இருக்கிறார்கள். எங்கள் புத்தகத்தின் 40ஆம் பக்கத்தில் வருகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தியதாகத் தகவல் இல்லை.)

டெல்லியின் முறை இன்னும் சுத்தம். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியர்களுக்கு விலங்கு பூட்டித் திருப்பி அனுப்பியது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் கார்ட்டூன் போட்டது. பா.ஜ.க. தரப்பிலிருந்து புகார் போனது. 15ஆம் தேதி மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு கார்ட்டூனுக்காக மொத்தத் தளமும். இந்தமுறை பக்கத்தில் நிற்பவர் நமக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்கச் சொன்னால் கம்பெனி முடக்கியாக வேண்டும், அதன் விதிகள் புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. வாசகன் கண்ணுக்குத் தெரிவது திறக்காத பக்கம், அவன் தன் வைஃபையைத் திட்டிக்கொண்டு ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவான். மார்ச் 6இல் உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்க வேண்டும் என்றது. தளம் திரும்பியது. டெல்லிக்கும் மோட்டார் ரிப்பேர் ஆகும் என்று அப்போது புரிந்துகொண்டேன்.

எங்கள் கூட்டம் நடந்ததா என்றால், நடந்தது. ஒரு ட்யூஷன் சென்டரின் மொட்டை மாடியில், பெஞ்சு போட்டு, மைக் இல்லாமல். முப்பத்தேழு பேர். அதில் ஒருவர் உளவுப் பிரிவு. மஃப்டியில் வந்தாலும் ஷூ காட்டிக்கொடுத்துவிட்டது. நூலாசிரியரின் இனிஷியலை இரண்டு முறை கேட்டு டைரியில் எழுதிக்கொண்டார், எங்கள் டீயைக் குடித்தார், போகும்போது வணக்கம் சொன்னார். நான் எப்படிப் பேசினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குவாரி நடத்தியவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பேச்சில் நான் அதைச் சொல்லவில்லை. என்னை யாரும் சொல்லாதே என்று சொல்லவில்லை. மாடியைக் கொடுத்த ட்யூஷன் வாத்தியார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்ததும் பெயர் தொண்டையில் நின்றுவிட்டது.

நான்கு மாதம் கழித்து அதே ஊரில் ஒரு கல்யாணம், அதே மண்டபத்தில். தண்ணீர் தாராளமாக வந்தது. பந்தியில் மண்டபக்காரரே பாயசம் விசாரித்துக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் தெரிந்து ஒரு நொடி தயங்கி, பிறகு குனிந்து கேட்டார்.

"அன்னிக்கு அந்தப் புக்குல அப்படி என்னதான் சார் இருந்துச்சு?"

"உங்க ஆறுதான் இருந்துச்சு."

சுற்றிப் பார்த்துக்கொண்டார். "ஒரு காப்பி கெடைக்குமா? பணம் குடுத்துடறேன். அட்டை தெரியாம பேப்பர் சுத்திக் குடுங்க சார்."