வரைபடத்தைப் புகைப்படம் ஆக்காதீர்கள்

பொறியியல் ஆய்வேடுகளைப் புரட்டுபவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. சமன்பாடுகள் அச்சுக் குத்தினாற்போல் இருக்கும். நான்கு பக்கம் தள்ளி இயந்திர உறுப்பின் வரைபடம் வரும். கோடுகள் மங்கி, அளவெண்கள் புழுவாய் நெளியும். கணினிவழி வரைவு (கேட்) மென்பொருளின் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜேபெக்காகச் சேமித்து ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் திரையின் கறுப்புப் பின்னணியும் கூடவே வந்திருக்கும்!

கேட்டால், நல்ல மென்பொருளுக்குக் காசில்லை என்பார்கள். அது சாக்கு. 2002 முதல் வளர்ந்துவரும் ஃப்ரீகேட், 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிவிட்டது. அதிலுள்ள டெக்டிரா பகுதி, முப்பரிமாண மாதிரியிலிருந்து முகப்பு, மேல், பக்கத் தோற்றங்களை எடுத்து, அளவுகளோடு பிடிஎஃப் ஆகவோ எஸ்விஜி ஆகவோ தரும். இருபரிமாணம் போதுமென்றால் லிப்ரேகேட். பக்கம் கோக்க லேடெக். மூன்றும் இலவசம், மூன்றும் திறமூலம். இந்த வழியில் கோடு கடைசிவரை கோடாகவே பயணிக்கிறது. எங்கும் புள்ளிகளாகச் சிதறுவதில்லை.

ஆனால் இப்படிக் கோட்டைக் கோடாகவே வைத்திருக்கும் வெக்டர் கோப்பு மட்டும் காப்பாற்றாது. உண்மையான கோளாறு அளவுத்திட்டத்தில் இருக்கிறது. 841 மி.மீ. அகலமுள்ள ஏ1 தாளில் வரைந்ததை, 160 மி.மீ. அகலப் பத்திக்குள் 'பக்க அகலத்துக்குப் பொருத்து' என்று ஒரே கட்டளையில் திணிக்கிறோம். 0.35 மி.மீ. கோடு 0.07 ஆகிறது, 3.5 மி.மீ. எழுத்து 0.7 ஆகிறது. எவ்வளவு துல்லியமான பிடிஎஃப்பாக இருந்தாலும் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். வரைபடத்தில் 1:10 என்று எழுதியிருந்தால், அதுவும் அந்த நொடியிலேயே பொய்யாகிவிடுகிறது.

தொழில்நுட்ப வரைபடங்களுக்கான ஐஎஸ்ஓ தரத்தை வகுத்தவர்கள் இதை முன்பே யோசித்தவர்கள். கோட்டுத் தடிமன்கள் 0.25, 0.35, 0.5, 0.7 என்று ஏறுகின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4, ஏ3 தாள்களுக்கு இடையிலும் அதே விகிதம்தான். ஏ3 வரைபடத்தை ஏ4-க்குச் சுருக்கினால் 0.7 கோடு 0.5 ஆகும்; 3.5 மி.மீ. எழுத்து 2.5 ஆகும். தரம் குலைவதில்லை. அவர்கள் எண்ணியது ஒரு படி இறக்கம். நாம் ஏ1-லிருந்து ஒரேயடியாகக் குதிக்கிறோம்.

தீர்வு எளிது, சோம்பல்தான் தடை. பட்டறைக்கு ஒரு தாள், புத்தகத்துக்கு வேறொரு தாள். டெக்டிராவின் தாள் வார்ப்புரு வெறும் எஸ்விஜி கோப்புதான், 160 மி.மீ. அகலத்தில் சொந்தமாக ஒன்று செய்துகொள்ளலாம். அதே மாதிரியிலிருந்து தேவையான தோற்றத்தை மட்டும் எடுத்து, கட்டுரை பேசும் அளவுகளை மட்டும் போட்டு, லேடெக்கில் சுருக்காமல் சேர்க்க வேண்டும். லேடெக்கின் 10 புள்ளி எழுத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 2.4 மி.மீ. எனவே 2.5 மி.மீ. அளவெண்கள் பக்கத்தோடு இயல்பாக ஒட்டிக்கொள்ளும். பிறகு மாதிரியைத் திருத்தினால் அளவெண்ணும் மாறும். மறுபடி ஏற்றுமதி செய்தால் போதும்.

உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுவோர் வெக்டர் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பை நாடலாம். அது கோடுகளைப் பிடிஎஃப்பில் வைத்து, எழுத்துகளை லேடெக்கிடம் ஒப்படைக்கும். லேடெக்கின் ஒரு வகையான ஸீலேடெக் வழியாகப் போனால் கொம்பும் காலும் உடையாமல், நூலின் எழுத்துருவிலேயே வரும். ஆனால் எழுத்தின் அகலம் மாறி, பெயர் கோட்டின்மேல் ஏறி உட்காருவதும் உண்டு. கையால்தான் நகர்த்த வேண்டும். படம் முழுவதையும் லேடெக்குக்குள்ளேயே டிக்ஸ் நிரலாக எழுதும் தூய்மைவாதிகளும் இருக்கிறார்கள். சின்னப் படத்துக்கு அது அழகு. கியர்பெட்டிக்கு வீண் வேலை.

திறமூலக் கருவிகள் இடறும் இடம் டிடபிள்யூஜி கோப்பு. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சொந்த வடிவம் அது. மாற்றும்போது சில விவரங்கள் உதிரக்கூடும். கோப்பைத் தருபவரிடம் அதற்குப் பதில் டிஎக்ஸ்எஃப் வடிவில் கேட்டு வாங்குவது நல்லது.

ஓரம் எவ்வளவு, வரி இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் விதி வகுக்கும் பல்கலைக்கழகங்கள் இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்கட்டும்: தொழில்நுட்ப வரைபடம் வெக்டராக இருக்க வேண்டும், அச்சில் அதன் எழுத்து 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.